மூளைக் கட்டிக்கு பெட் ஸ்கேன்: தேதி வாங்குவது முதல் ரிப்போர்ட் படிப்பது வரை

மூளையில் கட்டி என்று சந்தேகப்படும் ஒருவருக்கோ, ஏற்கெனவே சிகிச்சை எடுத்துக்கொண்ட ஒருவருக்கோ டாக்டர் பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு வரப்போகும் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். அணு மருத்துவப் பிரிவில் ஊசி போட்டு ஸ்கேன் எடுப்பது என் வேலை. புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்களுக்கும் இதில் பாதியாவது பயன்படும்.

மெஷின் கோளாறால் ஸ்கேன் வீணாவது அபூர்வம். முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்வதாலும், ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் ஒரு மருந்துக்கான தயாரிப்போடு வேறொரு மருந்துக்கு வந்து நிற்பதாலும்தான் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். மாத்திரைகளை நிறுத்துவது, மாற்றுவது மட்டும் உங்கள் டாக்டரின் முடிவு; இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

1. எம்.ஆர்.ஐ. கையில் இல்லாமல் தேதி வாங்காதீர்கள்

மூளையில் கட்டி இருக்கிறதா என்று முதன்முதலில் பார்ப்பது எம்.ஆர்.ஐ.யின் வேலை. அது கட்டியின் வடிவத்தையும் ஓரத்தையும் துல்லியமாகக் காட்டும். பெட் ஸ்கேனின் கண் அவ்வளவு கூர்மையானது இல்லை. அதன் நுணுக்கம் நான்கைந்து மில்லிமீட்டர்; அதைவிடச் சிறிய புள்ளி மங்கிப்போகும் அல்லது தெரியாமலே போகும்.

ஆனால் அந்த இடத்தில் இருப்பது உயிரோடு வளரும் கட்டியா, கதிர்வீச்சில் வெந்துபோன திசுவா என்பதை எம்.ஆர்.ஐ. பல நேரம் பிரித்துச் சொல்லாது. இரண்டுமே வெள்ளையாகத்தான் தெரியும். பெட் ஸ்கேன் அங்குள்ள செல்கள் எவ்வளவு மருந்தை இழுக்கின்றன என்று காட்டுகிறது. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

கொண்டுவர வேண்டியது கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்த, கூடியவரை சில வாரங்களுக்குள் எடுத்த எம்.ஆர்.ஐ. அதுவும் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ, டைகாம் என்ற மருத்துவப் பட வடிவத்தில். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோவை வாட்ஸாப்பில் காட்டுபவர்கள் வாரம் தவறாமல் வருகிறார்கள். அந்தப் போட்டோவை பெட் படத்தோடு பொருத்த முடியாது. டிஸ்க்கை வீட்டிலேயே ஒரு முறை கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

2. டாக்டரின் கேள்வியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்

“பெட் ஸ்கேன்” என்று மட்டும் எழுதிய சீட்டைப் பார்த்தால் எங்களுக்கு எதுவும் புரியாது. எந்த மருந்து, எந்த நேரத்தில் படம், தலை மட்டுமா முழு உடம்பா என்பதெல்லாம் கேள்வியைப் பொறுத்தே முடிவாகும்.

பொதுவாக வரும் கேள்விகள் நான்கு. எம்.ஆர்.ஐ.யில் தெரிவது கட்டியா, வேறெதாவதா? சோதனைக்காகத் திசுத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸிக்கு எந்த இடத்தில் ஊசி செலுத்தினால் கட்டியின் தீவிரமான பகுதி கிடைக்கும்? கதிர்வீச்சு முடிந்து சில மாதங்களோ வருடங்களோ கழித்துப் புதிதாகத் தெரிவது கட்டி திரும்ப வந்ததா, கதிர்வீச்சால் ஏற்பட்ட திசு அழிவா? மூளையில் இருப்பது வேறு உறுப்பிலிருந்து பரவியது என்றால் மூலம் எங்கே?

இந்த நான்காவது கேள்வியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. முழு உடம்பு பெட் ஸ்கேன் என்று நாங்கள் சொல்வது பல மையங்களில் மண்டை ஓட்டின் அடியிலிருந்து தொடையின் நடுப்பகுதி வரைதான். மூளை அதில் சேராது. சேர்த்து எடுத்தாலும், பரவிய சிறு கட்டிகள், வழக்கமாகப் போடும் எஃப்.டி.ஜி. என்ற சர்க்கரை வகை மருந்தில் எளிதில் தப்பிவிடும். “முழு உடம்பு பெட் எடுத்தோம், எல்லாம் நார்மல், அப்படியென்றால் தலையிலும் ஒன்றும் இல்லைதானே” என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ரிப்போர்ட்டில் எதிலிருந்து எதுவரை எடுத்தார்கள் என்ற வரியை முதலில் படியுங்கள்.

3. எந்த மருந்து என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கேதான் அதிகம் குழம்புகிறார்கள். பெட் ஸ்கேன் என்பது மெஷினின் பெயர். என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை ஊசியில் ஏறும் மருந்து தீர்மானிக்கிறது. உடம்பு பயன்படுத்தும் ஒரு பொருளோடு கதிரியக்க அணு ஒன்றை ஒட்டவைத்ததுதான் அந்த மருந்து. அது எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கே வெளிச்சம் தெரியும்.

எஃப்.டி.ஜி. என்பது ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டிய சர்க்கரை. எங்கும் கிடைப்பது, செலவு குறைந்தது. உடம்பின் மற்ற இடங்களில் புற்றுநோய் தேட இது நன்றாக வேலை செய்யும். மூளையில் ஒரு சிக்கல்: மூளையின் சாம்பல் நிறப் பகுதி இயல்பாகவே சர்க்கரையை விழுங்கித் தள்ளுகிறது. பட்டப்பகலில் டார்ச் அடித்துப் பார்ப்பதுபோல, பின்னணியே பளிச்சென்று இருக்கும்போது மிதமாக ஒளிரும் கட்டி தெரியாது. மெதுவாக வளரும் கட்டிகள் பல எஃப்.டி.ஜி.யில் சுற்றியுள்ள மூளையைவிட மங்கலாகவே இருக்கும். வேகமாக வளரும் கிளையோமாவும் (மூளையின் தாங்கு செல்களில் தோன்றும் கட்டி) மூளை லிம்ஃபோமாவும் (நிணநீர் செல்களில் தோன்றும் புற்று) நன்றாகத் தெரியும். லிம்ஃபோமா எஃப்.டி.ஜி.யில் எரிகிற மாதிரி இருக்கும். அந்தச் சந்தேகம் இருந்தால் எஃப்.டி.ஜி. நல்ல தேர்வுதான்.

அடுத்த குடும்பம் அமினோ அமில மருந்துகள்: எஃப்.இ.டி., எஃப்-டோப்பா, மெத்தியோனின். சாதாரண மூளை இவற்றைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். கிளையோமா செல்கள் அதிகமாக இழுக்கும். அதனால் பின்னணி இருட்டாக, கட்டி மட்டும் எடுப்பாகத் தெரியும். கிளையோமா பற்றிய கேள்விக்கு, முடிந்தால் இந்தக் குடும்பத்தையே தேர்ந்தெடுக்கும்படி 2019-இல் வந்த சர்வதேசக் கூட்டு வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. கதிர்வீச்சால் வந்த மாற்றமா, கட்டி திரும்பியதா என்ற கேள்விக்கு நான் பார்த்தவரை எஃப்.டி.ஜி.யைவிட இவைதான் தெளிவாகப் பதில் சொல்கின்றன.

இந்த மூன்றுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. மெத்தியோனினில் இருப்பது கார்பன்-11. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 20 நிமிடம்தான், ஆகவே கதிரியக்க அணுவைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் மெஷினைச் சொந்தமாக வைத்திருக்கும் மருத்துவமனையில் மட்டுமே சாத்தியம். எஃப்.இ.டி.யும் எஃப்-டோப்பாவும் ஃப்ளோரின்-18 ஒட்டியவை, அரை ஆயுள் ஏறக்குறைய 110 நிமிடம். வெளியிலிருந்து வண்டியில் வரவழைக்கலாம். எஃப்-டோப்பாவை மூளையின் நடுவே உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி இயல்பாகவே எடுத்துக்கொள்ளும். கட்டி அதன் பக்கத்தில் இருந்தால் எஃப்.இ.டி. வசதியானது.

மூளையின் உறையிலிருந்து வளரும் மெனிஞ்சியோமாவுக்குக் கதை வேறு. அந்தச் செல்களின் மேல் சோமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகள் நிறைய இருக்கும். கதிரியக்க காலியம்-68 சேர்த்த டோட்டாடேட் அல்லது டோட்டாடாக் என்ற மருந்து அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். அறுவை சிகிச்சைக்குப் பின் எலும்புக்குள் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க இது மிகவும் உதவும். பிட்யூட்டரி சுரப்பி இதில் எப்போதும் ஒளிரும். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

பெட் வசதி இல்லாத ஊர்களில் டெக்னீஷியம்-99எம் என்ற வேறொரு கதிரியக்க அணுவைக் கொண்டு, பெட் போன்ற இன்னொரு அணு மருத்துவ ஸ்கேனான ஸ்பெக்ட் எடுப்பார்கள். கட்டி திரும்பியதா என்று பார்க்க குளுக்கோஹெப்டோனேட் போன்ற மருந்துகள் நம் நாட்டில் பயன்பாட்டில் உண்டு. படம் பெட் அளவுக்குத் துல்லியமாக இருக்காது, செலவு குறைவு.

கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி இது: “எந்த மருந்து போடப்போகிறீர்கள், அதற்கு என்ன தயாரிப்பு?” இந்த ஒரு கேள்வியில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

4. சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் இடைவெளியைச் சரிபாருங்கள்

கதிர்வீச்சு முடிந்த உடனே பதற்றத்தில் ஸ்கேன் எடுக்க ஓடி வருவார்கள். முதல் மூன்று மாதங்களில் அந்த இடம் வீங்கி, ரத்தக்குழாய்கள் கசிந்து, எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதானது போலவே தெரியலாம். உண்மையில் வளராமல் வளர்ந்ததுபோல் தோன்றும் மாற்றம் இது. அழற்சிச் செல்களும் எஃப்.டி.ஜி.யை இழுக்கும் என்பதால் அந்த நேரத்து எஃப்.டி.ஜி. ஸ்கேன் குழப்பத்தைக் கூட்டவே செய்யும். அமினோ அமில மருந்து இந்தக் காலத்திலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் முழுக்க நம்ப முடியாது. காத்திருக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அறுவை சிகிச்சை செய்த ஓரத்திலும் சில வாரங்களுக்கு மெல்லிய கோடுபோல மருந்து தேங்கலாம். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சின் கடைசி நாள், கீமோவின் கடைசி சுற்று ஆகிய மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதி ஃபைலின் மேலே வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் ஏழாவது பக்கத்தில் அவற்றைத் தேடிக்கொண்டிருந்தால் படம் பார்க்கும் டாக்டருக்கு நேரமும் போகும், தப்பும் நேரும்.

ஸ்டீராய்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீக்கம் குறைய டெக்சாமெத்தசோன் கொடுப்பது வழக்கம். லிம்ஃபோமா என்று சந்தேகம் இருந்தால் அது சிக்கல். லிம்ஃபோமா ஸ்டீராய்டில் கரைந்துவிடும். ஸ்கேனிலும் மங்கும், பயாப்ஸியிலும் அகப்படாமல் போகலாம். அதனால் அந்தச் சந்தேகம் உள்ளவர்களுக்கு, மூளைக்குள் அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக இல்லாத வரை, பயாப்ஸி முடியும் வரை டாக்டர்கள் ஸ்டீராய்டைத் தள்ளிப்போடப் பார்ப்பார்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளாக என்பதை மட்டும் எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

5. தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டியவை

சர்க்கரை நோய், கர்ப்பம் அல்லது அதற்கான வாய்ப்பு, பாலூட்டுவது, வலிப்பு வருவது, அசையாமல் படுக்க முடியாதது, நோயாளி குழந்தை என்பது. இவை எல்லாமே போனிலேயே தெரிய வேண்டிய விஷயங்கள். ஊசி போடும் அறையில் தெரியவந்தால் பெரும்பாலும் தாமதம், சில நேரம் ரத்து.

நேரம் தவறாமல் வர வேண்டியதற்கும் காரணம் இருக்கிறது. உங்கள் டோஸ் உங்கள் நேரத்தைக் கணக்கிட்டு அளந்து வைக்கப்படுகிறது. ஃப்ளோரின்-18 மருந்து 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். 9 மணிக்கு 10 மில்லிக்யூரி (கதிரியக்கத்தின் அளவு) இருந்தது 10.50-க்கு 5 ஆகிவிடும். எடுத்து வைத்து நாளைக்குப் போட முடியாது. “பஸ் லேட், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம்” என்றால் உடனே போன் பண்ணுங்கள். வரிசையை மாற்றி யாரையாவது முன்னால் எடுத்துக்கொள்ள வழி பார்ப்போம். சொல்லாமல் தாமதமாக வந்தால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

6. முந்தைய இரவும் காலையும்

எஃப்.டி.ஜி. என்றால் குறைந்தது நான்கு மணி நேரம் வெறும் வயிறு. பெரும்பாலான மையங்கள் ஆறு மணி நேரம் கேட்பார்கள். ரத்தத்தில் ஓடும் சாதாரணச் சர்க்கரையும் எஃப்.டி.ஜி.யும் செல்லுக்குள் நுழைய ஒரே கதவைப் பயன்படுத்துகின்றன. சாதாரணச் சர்க்கரை அதிகமானால் மருந்து வெளியே நின்றுவிடும், படம் மங்கும்.

வெறும் வயிறு என்றால் பால் சேர்த்த காபியும் கிடையாது, இளநீரும் கிடையாது, ஹார்லிக்ஸும் கிடையாது. “சாப்பிடவில்லை, ஒரு வாய் காபிதான்” என்பது எங்கள் பிரிவில் தினம் கேட்கும் வசனம். வெறும் தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும்.

எஃப்.இ.டி., எஃப்-டோப்பா, மெத்தியோனின் என்றாலும் நான்கு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், ஆனால் காரணம் வேறு. இங்கே போட்டிக்கு நிற்பது புரதம். பால், முட்டை, சாம்பாரில் உள்ள பருப்பு, புரோட்டீன் பவுடர் எல்லாம் செரித்து அமினோ அமிலமாக ரத்தத்தில் ஏறும். அதே கதவில் மருந்தோடு முட்டிக்கொள்ளும். உடம்பு தேறட்டும் என்று காலையில் புரோட்டீன் பவுடர் கலக்கிக் கொடுத்துக் கூட்டி வருவது பாசம்தான், ஆனால் அன்றைய ஸ்கேன் போச்சு. பார்க்கின்சனுக்கான லெவோடோப்பா மாத்திரை சாப்பிடுபவர் எஃப்-டோப்பாவுக்கு வருகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். டோட்டாடேட், டோட்டாடாக் மருந்துகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை.

வலிப்பு மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். வெறும் வயிறு என்று சொன்னதும் காலை மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். மாத்திரையை விட்டு, மருந்து ஏறும் நேரத்தில் வலிப்பு வந்தால் அந்த இடத்து மூளை வெறித்தனமாகச் சர்க்கரையை இழுக்கும். படத்தில் அது கட்டிபோலவே தெரியும். கடைசியாக வலிப்பு வந்த நாளும் நேரமும் எங்களுக்குத் தெரிய வேண்டும். அமினோ அமில மருந்துகளிலும் வலிப்புக்குப் பிறகு இப்படி நடப்பதுண்டு.

சர்க்கரை நோயாளிகள் எந்த நேரத்தில் தேதி வாங்குவது, இன்சுலினை எப்படி மாற்றுவது என்பதை முந்தைய நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். வரும் வழியில் சர்க்கரையைக் குறைக்க இன்சுலின் போட்டுக்கொண்டு வராதீர்கள். இன்சுலின் எஃப்.டி.ஜி.யைத் தசைக்குள் தள்ளிவிடும், மூளைக்குப் போக வேண்டியது தொடையில் போய் உட்காரும்.

முந்தைய இரவு தூக்கம் வரவில்லை என்று நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுக்க வேண்டாம். அந்த வகை மருந்துகள் மூளை சர்க்கரை எடுப்பதையே குறைத்துவிடும்.

காலையில் வெளியே கிளம்பும் முன் ஒன்று: தோடு, மூக்குத்தி, ஹேர்பின், கழற்றக்கூடிய பல் செட். எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். உலோகம், பெட்டோடு சேர்த்து எடுக்கும் சி.டி. படத்தில் கோடு கோடாக இழுக்கும், அதை வைத்துத் திருத்தும் பெட் படமும் கெடும். கழற்ற முடியாத மூக்குத்தியை ஸ்கேன் அறை வாசலில் சோப்புப் போட்டுக் கழற்றப் போராடுவதைப் பார்த்திருக்கிறேன். அறுவை சிகிச்சையில் வைத்த டைட்டானியம் தகடும் பேஸ்மேக்கரும் பெட்-சி.டி.க்குத் தடையில்லை.

7. வார்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை

உள்நோயாளிகள் விஷயத்தில் வெறும் வயிறு என்ற விதி ஒரு பாட்டிலில் போய் முடிகிறது. ஒரு நாள் வீல்சேரில் ஒரு அம்மா வந்தார். இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கவில்லை என்று மகன் சத்தியம் செய்தார், உண்மையும் அதுதான். குளுக்கோமீட்டரில் 240. நிமிர்ந்து பார்த்தால் ஸ்டாண்டில் தொங்கிய பாட்டிலில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைத் தண்ணீர். சாப்பிடாதவருக்குச் சோர்வு வரக் கூடாது என்று வார்டில் நல்லெண்ணத்தில் போட்டது. அன்று ஸ்கேன் இல்லை.

டிரிப்ஸ் பாட்டிலில் டி.என்.எஸ். (சர்க்கரை கலந்த உப்பு நீர்), டெக்ஸ்ட்ரோஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் முந்தைய இரவே நர்ஸிடம் “காலையில் பெட் ஸ்கேன், நார்மல் சலைன் மாற்றலாமா, டாக்டரைக் கேளுங்கள்” என்று சொல்லுங்கள். அமினோ அமில மருந்து என்றால், ரத்தக்குழாய் வழியாகப் புரதச் சத்து ஏறிக்கொண்டிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

8. ஊசியும், அதற்குப் பிந்தைய அமைதியும்

முதலில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்போம். எஃப்.டி.ஜி.க்கு 160 மி.கி.க்குள் இருப்பது நல்லது. 200-ஐத் தாண்டினால் பெரும்பாலும் வேறு நாளுக்குத் தள்ளுவோம். கோபப்பட வேண்டாம், மங்கலான படத்துக்குக் காசு கொடுப்பதைவிட மறுநாள் வருவது மேல்.

பிறகு கையில் வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றும் சிறு குழாய். ஊசி சரியாக ரத்தக்குழாயில் இருக்கிறதா என்று சலைன் செலுத்திப் பார்த்துவிட்டே மருந்தை ஏற்ற வேண்டும். புதிய டெக்னீஷியன்கள் அவசரத்தில் இதைத் தாண்டுவார்கள். மருந்தின் ஒரு பகுதி தோலுக்கடியில் கசிந்தால் மூளைக்குப் போகும் அளவு குறையும், அளவீடுகள் எல்லாம் தப்பாகும். ஏற்றும்போது எரிந்தாலோ வீங்கினாலோ நோயாளி உடனே சொல்ல வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது.

எஃப்.டி.ஜி. போட்டபின் குறைந்தது அரை மணி நேரம், மங்கலான விளக்கில், பேசாமல், படிக்காமல் படுத்திருக்க வேண்டும். மருந்து ஏறும் அந்த நேரத்தில் மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே சர்க்கரை அதிகம் சேரும். போனில் வீடியோ பார்த்தால் பின்மண்டையில் உள்ள பார்வைப் பகுதி பளிச்சென்று ஏறிவிடும். அதனால்தான் போனை வாங்கி வைத்துக்கொள்கிறோம். உடன் வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல ஆசைப்படுவார்கள். அந்த அறையில் அதுவும் வேண்டாம்.

குழந்தைகளுக்கும் படுக்க முடியாதவர்களுக்கும் மயக்கம் தேவைப்பட்டால், எஃப்.டி.ஜி. ஏறி முடிந்த பிறகு, ஸ்கேனுக்குச் சற்று முன்பாகத்தான் கொடுக்க வேண்டும். முன்பே கொடுத்தால் முழு மூளையும் மங்கிப் படம் கெடும். இந்த வரிசையை மாற்றி மாட்டிக்கொள்ளும் புதியவர்கள் அதிகம்.

9. மெஷினில்

எம்.ஆர்.ஐ. போலத் தட்தட்டென்று இடிக்கும் சத்தம் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் அலறியவர்கள்கூட இதில் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள்.

மருந்துக்கு மருந்து நேரம் மாறும். எஃப்.டி.ஜி. என்றால் ஊசி போட்டு 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ கழித்து, தலைக்கு 10 முதல் 20 நிமிடம். சந்தேகம் தீராவிட்டால் சில மணி நேரம் கழித்து மீண்டும் ஒரு முறை எடுப்பதும் உண்டு; சாதாரண மூளையில் மருந்து குறைந்து, கட்டியில் தங்கி நிற்பதால் அப்போது எடுப்பாகத் தெரியலாம். “முதல் ஸ்கேன் கெட்டுப்போய்விட்டதா” என்று கலங்க வேண்டாம்.

எஃப்.இ.டி.யில் சில மையங்கள் மெஷினில் படுக்க வைத்துத்தான் ஊசியே போடும். 40 நிமிடம் தொடர்ந்து படம் எடுக்கும். மருந்து எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்ற வளைகோடு தேவைப்படுவதால் அப்படி. அதற்குப் போகும் முன் கட்டாயம் சிறுநீர் கழித்துவிட வேண்டும். 25-வது நிமிடத்தில் எழுந்தால் மொத்தமும் வீண்.

தலை அசைவதுதான் இங்கே ஒரே எதிரி. முதலில் எடுக்கும் சி.டி.க்கும் பின்னால் எடுக்கும் பெட்டுக்கும் நடுவில் தலை ஒரு சென்டிமீட்டர் திரும்பினால்கூட ஒரு பக்கம் பொய்யாக மங்கும், மறுபக்கம் பொய்யாக ஒளிரும். பட்டையால் தலையைக் கட்டுவது அதற்காக. இருமல் இருந்தால், முதுகு வலி இருந்தால் படுக்கும் முன்பே சொல்லுங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தாலே பலருக்குப் போதும்.

10. வீட்டுக்குப் போகும்போது

தண்ணீர் நிறையக் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். மீதி மருந்து சீக்கிரம் வெளியேறும். அன்று மாலை வரை கைக்குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளாமல், கர்ப்பிணிகளிடமிருந்து சற்றுத் தள்ளி இருந்தால் போதும். மறுநாள் காலையில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிச்சமிருக்காது.

பாலூட்டும் தாய் என்றால் எஃப்.டி.ஜி. பாலில் மிகக் கொஞ்சமே கலக்கும். குழந்தையை நெஞ்சோடு அணைப்பதைத்தான் சில மணி நேரம் தள்ளிப்போட வேண்டும். எத்தனை மணி நேரம் என்று அந்த மையத்தில் கேட்டு, பாலை முன்பே எடுத்து வைத்து வேறு ஒருவரை ஊட்டச் சொல்லலாம்.

எவ்வளவு கதிர்வீச்சு என்று எல்லோரும் கேட்பார்கள். 185 மெகாபெக்கரெல், அதாவது 5 மில்லிக்யூரி எஃப்.டி.ஜி.யில் சுமார் 3.5 மில்லிசீவர்ட், சி.டி.யின் பங்கு தனி. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு இயற்கையாகவே வருவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4.

11. ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

எவ்வளவு மருந்து ஏறியது என்று காட்டும் எஸ்.யு.வி. என்ற எண்ணைப் பார்த்ததும் பழைய ரிப்போர்ட்டின் எண்ணோடு ஒப்பிட்டுக் கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மூளையில் அந்த எண் தனியாக அதிகம் பேசாது. எதிர்ப்பக்கத்து நல்ல மூளையோடு ஒப்பிட்டு எத்தனை மடங்கு என்பதே முக்கியம். எஃப்.இ.டி.யில் பின்னணியைப்போல 1.6 மடங்கும் அதற்கு மேலும் உள்ள பகுதியைக் கட்டியின் எல்லையாக வரைவது வழக்கம். வளைகோடு எடுத்திருந்தால், சீக்கிரம் உச்சம் தொட்டு இறங்குவது தீவிரமான கட்டிக்கும், மெதுவாக ஏறிக்கொண்டே போவது மெதுவாக வளரும் கட்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். பெரும்பாலும்தான்.

விதிவிலக்குகள் நிறைய. கிளையோமாவில் ஒரு வகையான ஆலிகோடென்ட்ரோகிளையோமா, குறைந்த கிரேடாக (தீவிரத்தின் படிநிலை) இருந்தும் அமினோ அமில மருந்தில் நன்றாக ஒளிரும். குழந்தைகளுக்கு வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா கிரேடு 1-தான், அதுவும் ஒளிரும். மறுபக்கம், குறைந்த கிரேடு கிளையோமாக்களில் நான்கில் ஒன்று என்ற அளவுக்கு எஃப்.இ.டி.யில் தெரியாமலே போகும். “மருந்து ஏறவில்லை” என்பதற்கு “கட்டி இல்லை” என்று அர்த்தம் கிடையாது.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: காசநோய். மூளையில் வரும் டியூபர்குலோமா எஃப்.டி.ஜி.யை நன்றாகவே இழுக்கும், புற்றுக் கட்டியைப்போலவே இருக்கும். மெத்தியோனினிலும் ஏறலாம். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று டாக்டர் கேட்டால் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். அந்தப் பதிலில் படத்தின் அர்த்தமே மாறலாம்.

ரிப்போர்ட்டில் “டையாஸ்கிசிஸ்” என்று ஒரு சொல் வந்து வீட்டாரைத் தூங்கவிடாமல் செய்யும். வலது பெருமூளையில் கட்டி இருந்தால் இடது சிறுமூளையில் எஃப்.டி.ஜி. குறைந்து தெரிவதுண்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள நரம்பு இணைப்பு வேலை செய்யாததால் வரும் மங்கல் அது, இன்னொரு கட்டி கிடையாது.

என்ன வகைக் கட்டி, எந்த கிரேடு என்று இறுதியாகச் சொல்வது பயாப்ஸியும் அதில் செய்யும் மரபணுச் சோதனைகளும்தான். பெட் ஸ்கேன் நன்றாக வந்திருக்கிறதே, பயாப்ஸி எதற்கு என்று தள்ளிப்போடுபவர்களிடம் நான் சொல்வது: அந்த ஊசி எங்கே போக வேண்டும் என்று காட்டத்தான் இந்த ஸ்கேனே.

12. அடுத்த ஸ்கேனுக்காக இப்போதே எடுத்து வைக்க வேண்டியவை

சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடியும் வருவீர்கள். அப்போது ஒப்பிட வேண்டுமானால் அதே மருந்து, ஊசிக்குப் பின் அதே இடைவெளி, முடிந்தால் அதே மெஷின். இந்த முறை எஃப்.இ.டி., அடுத்த முறை எஃப்.டி.ஜி. என்று எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. செலவு குறைகிறதே என்று நடுவில் மருந்தை மாற்றிவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் உண்டு.

டிஸ்க்கை ரிப்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். கூடவே மருந்தின் பெயர், போட்ட அளவு, ஊசி போட்ட நேரம், படம் தொடங்கிய நேரம், அன்றைய சர்க்கரை, ஸ்டீராய்டு அளவு ஆகிய ஆறும் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் இவற்றில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் கவுண்டரை விட்டு நகரும் முன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.